காட்சியும் கடனும்: புலிகள் காப்பகப் பயணம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனிதனின் செயல்களுள் காணுதல் மிகவும் தீங்கற்றது எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. எடுப்பவன் ஒரு பொருளைக் குறைக்கின்றான். கொல்பவன் ஓர் உயிரை இல்லாமற் செய்கின்றான். காண்பவனோ எதனையும் குறைக்காது, எதனையும் அழிக்காது, கண்டதனை மனத்தில் மட்டும் கொண்டு மீள்கின்றான். வனவிலங்குகளைக் காணச் செல்லும் பயணம் உயர்ந்த பொழுதுபோக்காக மதிக்கப்படுவதற்கு இவ்வெண்ணமே அடிப்படையாகும். முன்னொரு காலத்தில் அரசரும் ஆங்கில அதிகாரிகளும் துப்பாக்கியுடன் சென்ற காடுகளுக்கு இன்று கமராவுடன் செல்வோர், தம்மை அவ்வேட்டைக்காரருக்கு நேர்மாறானவராகவே கருதுகின்றனர். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும்? காண்பவன் உண்மையிலேயே எவருக்கும் கடன்படாதவனா? இந்தியாவின் புலிகள் காப்பகம் ஒன்றுக்குச் செல்லத் திட்டமிடும் ஒருவனது நிலையை எடுத்து நோக்கின் இவ்வினாவின் ஆழம் புலப்படும்.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் நிறைவேற்றப்பட்டது. அவ்வாண்டு எடுக்கப்பட்ட கணக்கின்படி நாட்டிலிருந்த புலிகள் 1,827 மட்டுமே. 1973 ஏப்ரல் மாதத்தில் ஒன்பது காப்பகங்களுடன் ‘புலித் திட்டம்’ தொடங்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் புதிய மதிப்பீட்டு முறை 1,411 புலிகளையே காட்டியது. 2022ஆம் ஆண்டின் மதிப்பீட்டிலோ அத்தொகை 3,682 ஆக உயர்ந்திருந்தது. 2025ஆம் ஆண்டில் காப்பகங்களின் தொகை 58ஐ எட்டியது. உலகின் காட்டுப் புலிகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்று இந்தியாவிலேயே வாழ்கின்றன. வறுமையும் சனநெருக்கமும் மிக்க ஒரு நாடு இதனைச் சாதித்தமை போற்றுதற்குரியது. ஆயினும், ஒரு சாதனை போற்றுதற்குரியது என்பதனால் அதற்கான விலையை யார் கொடுத்தார் என்னும் வினா இல்லாது போவதில்லை.

ஈண்டுக் கூறப்படும் பயணி மத்தியப் பிரதேசத்திலுள்ள கான்ஹாவைத் தெரிவு செய்கின்றான் எனக் கொள்வோம். முதலில் அவன் தீர்மானிக்க வேண்டியது பருவம். மழைக்காலத்தில் காப்பகத்தின் மையப் பகுதி மூடப்பட்டிருக்கும். பனிக்காலம் பயணிக்கு இதமானது. எனினும், புலியைக் காணும் வாய்ப்பு ஏப்ரல், மே மாதங்களிலேயே அதிகம் என அறிந்தோர் கூறுவர். அக்காலத்தில் புல் காய்ந்துவிடும். நீர்நிலைகள் வற்றிச் சுருங்கும். எஞ்சிய நீரை நாடி விலங்குகள் வெளிவந்தே ஆகவேண்டும். ஆக, காண்பவனுக்கு நல்ல காலம் காணப்படும் உயிருக்கு நெருக்கடியான காலமாக அமைகின்றது. இதனாற் கோடையிற் செல்வது குற்றம் என்றாகிவிடாது. எனினும், காண்போனும் காணப்படுவதும் சமநிலையில் நிற்பவை அல்ல என்பதனை நாட்காட்டியைப் புரட்டும்போதே அவன் உணர்ந்துகொள்ளலாம்.

அடுத்தது அநுமதிச் சீட்டு. ஒவ்வொரு வலயத்தினுள்ளும் செல்லக்கூடிய வாகனங்களுக்கு வரையறை உண்டு. ஆதலால் நெடுநாள் முன்னரே சீட்டைப் பெற்றாக வேண்டும். வழிகாட்டி ஒருவர் உடன் செல்வது கட்டாயம். சீட்டு வழங்குவது உட்புகும் உரிமையை மட்டுமே. புலியைக் காணும் உரிமையை அன்று. சீட்டை வாங்கும் எவரும் இதனை அறிவர். ஆயினும் பெரும் பணம் செலவிட்டுத் தொலைதூரம் வந்த பயணியின் உள்ளத்தில், ‘காணலாம்’ என்னும் ஆசை, ‘காண வேண்டும்’ என்னும் கோரிக்கையாக மெல்ல மாறிவிடுகின்றது. அக்கோரிக்கையின் சுமை சாரதியின்மீதும் வழிகாட்டியின்மீதும் விழுகின்றது. அவர்தம் வருவாயில் ஒரு பங்கு பயணியின் மகிழ்ச்சியைப் பொறுத்தது. புள்ளிமானின் எச்சரிக்கைக் குரல் கேட்ட திசைக்கு ஜீப்புகள் விரைகின்றன. ஒன்று நின்ற இடத்திற் பத்து நிற்கின்றன. புலி கடக்க வேண்டிய பாதை அடைபடுகின்றது. முன்னர் கான்ஹாவில், யானைகளைக் கொண்டு புலியைச் சூழ்ந்து நிறுத்தி, ஜீப்பில் வந்தோரை முறைமுறையாக யானைமீது ஏற்றிக் காட்டும் வழக்கமே இருந்தது. அது கைவிடப்பட்டுவிட்டது, அதனைத் தோற்றுவித்த மனநிலை கைவிடப்படவில்லை. விதியை மீறும் சாரதியே தண்டிக்கப்படுகின்றான். மீறலுக்குக் காரணமான ஆவல், பின்னிருக்கையில் அமர்ந்து, தான் ஒன்றும் செய்யவில்லை என எண்ணிக்கொள்கின்றது.

இதற்கு எதிராகப் பயன்பாட்டு வாதிகள் ஒரு நியாயத்தை முன்வைப்பர். பயணிகளின் பணம் காட்டைக் காக்கின்றது. அயலூரார்க்குத் தொழில் தருகின்றது. கண்டவரே காப்பதற்குக் குரல் கொடுப்பர். மேலும், பயணிகளின் கண்கள் நடமாடும் காட்டில் கள்ள வேட்டை நிகழ்வது கடினம் என்பர். இவற்றுள் முதல் மூன்றிலும் உண்மை உண்டு. நான்காவதனை வரலாறு ஏற்கவில்லை. இராஜஸ்தானத்துச் சரிஸ்கா பயணிகள் பெருமளவிற் சென்றுவந்த காப்பகம். அங்கு ஒரு புலியேனும் எஞ்சவில்லை என்னும் செய்தி 2004–2005 காலப்பகுதியில் வெளிப்பட்டது. மத்தியப் பிரதேசத்துப் பன்னாவிலும் அதே நிலை ஏற்பட்டமை 2009இல் உறுதியாயிற்று. இரு காடுகளுக்கும் பின்னர் வேறு இடங்களிலிருந்து புலிகள் கொண்டுவரப்பட்டன. சரிஸ்காவின் பின் அமைக்கப்பட்ட, சுனிதா நாராயண் தலைமையிலான செயலணி, காட்டோரத்து மக்களைப் பகைத்துக்கொண்டு புலியைக் காத்தல் இயலாது என 2005இல் எடுத்துரைத்தது. காட்சியை நாடி வரும் கண்கள் காட்சியையே காண்கின்றன. காட்டின் அன்றாடத்தை அறிந்த கண்கள் வேறு.

அக்கண்களுக்கு உரியவர் எங்கே? இவ்விடத்திலேயே கான்ஹாவின் வரலாறு பயணியின் திட்டத்தினுட் குறுக்கிடுகின்றது. அங்கு அவன் காணப்போகும் பரந்த புல்வெளிகள் பலவும் இயற்கையாய் அமைந்தவை அல்ல. அவை முன்பு பைகா, கோண்டு மக்களின் ஊர்களும் வயல்களுமாய் இருந்த நிலங்கள். அறுபதுகளின் பிற்பகுதி தொடக்கம் அவ்வூர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அகற்றப்பட்டன. மக்கள் நீங்கிய நிலத்திற் புல் வளர்ந்தது, மான்கள் பெருகின, மான்களை நாடிப் புலிகள் வந்தன. பயணி ‘மனிதன் தீண்டாத இயற்கை’ என்று வியந்து நிற்கும் வெளியில் ஒரு காலத்திற் பிள்ளைகள் ஓடி விளையாடினர். அக்காடுகள் அமைந்த மண்டலா மாவட்டத்திற் பல்லாண்டு வாழ்ந்த வெரியர் எல்வின், பைகா மக்களைப் பற்றி 1939இல் வெளியிட்ட நூலில், அவர்கள் தம் வழக்கப்படி வாழ்வதற்கு ஒரு வகைத் தேசிய பூங்கா வேண்டும் எனக் கருத்துத் தெரிவித்தார். 1955இல் கான்ஹா தேசிய பூங்காவாயிற்று. பூங்கா வந்தது, பைகா வெளியேறினர்.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகக் கூறுதல் வேண்டும். கான்ஹாவின் வன்னிலத்துப் பாரசிங்கா மான் இனம் 1970இல் 66 ஆகக் குறைந்து, அழிவின் விளிம்பில் நின்றது. ஊர்கள் நீங்கிய புல்வெளிகளே அவ்வினம் பல நூறாகப் பெருகுவதற்கு இடமளித்தன. ஆகவே, மக்களை அகற்றியமையாற் பயன் எதுவும் விளையவில்லை எனக் கூறுதல் உண்மைக்குப் புறம்பாகும். ஒரு நன்மைக்காக மற்றொரு நன்மை பலியிடப்பட்டது. ஆனால் பலியிடத் தீர்மானித்தவர் வேறு, பலியானவர் வேறு. அக்காலத்தில் பைகாவின் சம்மதம் கேட்கப்பட வேண்டியதொன்றாகவே கருதப்படவில்லை. மக்களின் விருப்பத்துடனன்றி இடப்பெயர்வு நிகழலாகாது எனச் சட்டம் கூறியது 2006இலேயாகும். அதன் பின்னரும், 2014இல், கான்ஹாவிலிருந்து குடும்பங்கள் விருப்பமின்றி வெளியேற்றப்பட்டன என்னும் முறைப்பாடுகள் எழுந்தன.

‘இவற்றிற்கும் எனக்கும் தொடர்பு யாது? நான் எவரையும் வெளியேற்றவில்லையே’ எனப் பயணி கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. இதற்கு விடை காண்பதற்குக் குற்றம், கடன் என்னும் இரண்டையும் வேறுபடுத்தி நோக்குதல் அவசியம். தந்தை பட்ட கடனுக்கு மகன் குற்றவாளி அல்லன். ஆயினும் அக்கடனாற் கட்டப்பட்ட வீட்டில் வாழ்ந்துகொண்டு, கடன் தனக்குரியதன்று என அவன் கூறுவானாயின், அதனை எவரும் நேர்மையென ஏற்பதில்லை. பயணியின் நிலையும் அத்தகையதே. அவன் காணும் காட்சி பிறர் இழப்பினால் உருவாகியது; அவ்விழப்பின் பயனை அவன் நுகர்கின்றான். நுகர்வின் வழியாகவே கடன் அவனை வந்தடைகின்றது. சீட்டின் விலை அரசாங்கத்திற்குச் செலுத்தப்படுகின்றது. கடனோ வேறொருவருக்குச் செலுத்தப்பட வேண்டியது.

இராமச்சந்திர குஹா 1989இல் எழுதிய கட்டுரையொன்றில், மூன்றாம் உலக நாடுகளின் இத்தகைய காப்பகங்கள் வளங்களை ஏழைகளிடமிருந்து செல்வரிடம் கைமாற்றுபவை என வாதித்தார். இவ்வாதத்தை ஏற்போர், பயணத்தையே கைவிடுதல் தக்கது என முடிவு செய்யக்கூடும். ஆனால் அம்முடிவும் ஆராயத்தக்கது. 2012 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் காப்பகங்களின் மையப் பகுதிகளிற் சுற்றுலாவை இடைக்காலமாகத் தடைசெய்தது. வழிகாட்டு நெறிகள் வகுக்கப்பட்டபின் ஒக்டோபரில் அத்தடை நீங்கியது. அவ்விடைக்காலத்தில் வழிகாட்டிகள், சாரதிகள் ஆகியோரின் வருவாய் கேள்விக்குறியாயிற்று. வெளியேற்றப்பட்ட பைகா எவரும் அதனால் தம் நிலத்தை மீளப் பெறவில்லை. செல்லாதிருப்பவன் தன் கைகளைத் தூய்மையாக வைத்துக்கொள்கின்றான். கடனை அவனும் தீர்த்துவிடவில்லை. எனவே, செல்வதா விடுவதா என்பதைக் காட்டிலும், எத்தகைய உறவுடன் செல்வது என்பதே அடிப்படை வினாவாகும்.

பயணி தன்னை வாடிக்கையாளன் எனக் கருதலாம். அல்லது விருந்தினன் எனக் கருதலாம். வாடிக்கையாளன் கொடுத்த பணத்திற்கு ஈடு கேட்பான். விருந்தினன் கிடைத்ததை ஏற்பான், கிடைக்காததற்காக முகஞ்சுளியான். ஆயின், விருந்தினன் இருக்க வேண்டுமெனின் விருந்தளிப்பவரும் இருத்தல் வேண்டும். வீட்டாரை வெளியேற்றிவிட்ட வீட்டினுள் எவரும் விருந்தினராகப் புகமுடியாது. இத்தடையை நீக்கும் முயற்சிகள் சில நடைபெற்றுள்ளன. கேரளத்துப் பெரியாற்றில், முன்பு களவாக மரப்பட்டை உரித்தோரும் வேட்டையாடியோரும் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து காட்டின் காவலராகவும் வழிகாட்டிகளாகவும் மாறினர். கர்நாடகத்துப் பிளிகிரி ரங்கசாமி மலையில், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் வழி, சோலிகர் தம் சமுதாய வன உரிமைகளை 2011இற் பெற்றனர். புலிகள் காப்பகம் ஒன்றினுள் அவ்வுரிமை ஏற்கப்பட்டது அதுவே முதன்முறை. புலியும் மனிதனும் ஒரே காட்டில் வாழ்தல் எல்லா இடங்களிலும் எளிது என இவை நிறுவிவிடவில்லை. எனினும், மனிதர் நீங்கினாலன்றிக் காடு வாழாது என்பது மாறாத விதியன்று என்பதனை இவை காட்டுகின்றன.

இலங்கைக் காடுகளில் இன்று புலி இல்லை, சிறுத்தையே உண்டு. ஆயினும் இவ்வினா இலங்கையர்க்குப் புறம்பானதன்று. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டபோது, அக்காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் தம் மரபுவழி நிலத்திலிருந்து அகற்றப்பட்டனர். அவர்கள் நடந்த காட்டைக் காண்பதற்குச் சீட்டு வாங்குவோர், கான்ஹாவின் பயணி எதிர்கொள்ளும் அதே கடனை எதிர்கொள்கின்றனர்.

கடன் உண்டு என ஒப்புக்கொண்டவனது திட்டம் சில சிறிய விடயங்களில் வேறுபடும். தங்குமிடத்தைத் தெரியும்போது, அதன் வருவாய் அயலூரார்க்குச் சேருமா என அவன் விசாரிப்பான். மையப் பகுதியில் மட்டுமே சுற்றாது, இடம்பெயர்ந்தோர் பலர் இன்று வாழும் சுற்றுப்புற வலயத்திலும் ஒரு நாளைச் செலவிடுவான். வாகனத்தில் ஏறும்போதே, புலிக்காக விரைய வேண்டியதில்லை எனச் சாரதியிடம் கூறுவான். புலி தோன்றாவிடினும் அவருக்குரிய அன்பளிப்பைக் குறைக்கமாட்டான். புல்வெளியின் ஓரத்தில் வண்டி நிற்கும்போது, இங்கிருந்த ஊரின் பெயர் யாது, அம்மக்கள் எங்கே சென்றனர் என வழிகாட்டியிடம் கேட்பான். இவற்றால் இழந்த நிலம் மீண்டுவிடாது. உரிமைகளை மீட்டளித்தல் சட்டத்தினதும் அரசினதும் பணி. எனினும், கேட்பாரற்ற கடனை அரசுகள் தாமாகத் தீர்ப்பது அரிது. அக்காடுகளின் பயனை நுகர்வோரே அதனைப் பேசாவிடின் வேறு எவர் பேசுவர்?

இறுதியாக, புலியைக் காணாது மீள்வதற்கு அவன் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். வருவோர்க்கெல்லாம் தவறாது தோன்றும் விலங்கு காட்டு விலங்கன்று; அது கூண்டின் சுவரைச் சற்றுத் தள்ளி வைத்த காட்சிப் பொருளே. தோன்றாதிருக்கும் உரிமையைப் புலிக்கு விட்டுக்கொடுப்பவனே அதனைச் சுதந்திரமான ஓர் உயிராக மதிப்பவனாவான். அம்மதிப்பைப் புலிக்கு அளிக்க முடியுமாயின், அக்காட்டில் வாழ்ந்த மனிதருக்கு அதனை மறுப்பதற்கு நியாயம் எதுவும் இருக்க முடியாது.