ஒத்த குற்றத்திற்கு ஒத்த தண்டனை நீதியாமா?

ஒரே குற்றத்தைச் செய்தார் இருவராயின், இருவருக்கும் ஒரே தண்டனை விதித்தலே நடுவுநிலைமை என்பது உலகத்தார் பலருடைய துணிபு. மாணவரும் தம் ஆசிரியரிடத்து அதனையே எதிர்பார்க்கின்றனர். இத்துணிபு முற்றும் பொருந்துமோ, ஒரு கூற்றிலே மாத்திரம் பொருந்துமோ என்பதை நம் நாட்டு நியாயஸ்தலங்களின் நடைமுறையை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

குற்ற வழக்கொன்றிலே எழும் வினாக்கள் இரண்டு. இவன் இக்குற்றத்தைச் செய்தானோ என்பது முதலாவது. செய்தானாயின் இவனை யாது செய்தல் தகும் என்பது இரண்டாவது. முதலாவதன் விடை குற்றத்தீர்ப்பு. இரண்டாவதன் விடை தண்டனை. இவையிரண்டும் ஒரே மன்றிலே ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்தலின், ஒன்றென்றே பலரும் மயங்குவர். தன்மையால் அவை வேறாவன.

முதல் வினாவிலே ஆளைப் பார்த்தலாகாது. செயலையே பார்த்தல் வேண்டும். குற்றவாளியென எண்பிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுற்றவாளியென ஊகிக்கப்படுதல் வேண்டுமென 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13(5) ஆம் உறுப்புரையில் விதிக்கின்றது. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பிக்கும் பாரம் வழக்குத் தொடுநரையே சாரும். எதிரி முன்னரும் களவு செய்தவனென்பது ஊரறிந்த செய்தியாயினும், இந்தக் களவையும் அவனே செய்தானென்று காட்டுதற்கு அவனுடைய தீய நடத்தையைச் சான்றாகக் கொள்ளுதலை 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் பொதுவாக விலக்குகின்றது. ஆகவே செல்வனும் வறியனும், நற்பெயர் பெற்றவனும் பெறாதவனும் இங்கே ஒரே தராசில் நிறுக்கப்படுவர். முழுச் சமத்துவத்திற்கு உரிய இடம் இதுவேயாம்.

இரண்டாவது வினாவிலோ, முன்பு புறத்தே நிறுத்தப்பட்டன பல உள்ளே அழைக்கப்படுகின்றன. எதிரியின் வயது யாது, முற்குற்றம் உண்டோ, பிறர் தூண்டினரோ, குற்றத்தை ஒப்புக்கொண்டானோ, இழப்புற்றவருக்கு ஈடு செய்தானோ என்றெல்லாம் நீதிபதி நோக்குவர். யூரிமார் முன் நிகழும் விளக்கத்திலே இவ்வேறுபாடு கண்கூடு. யூரிமார் எழுவருள் ஐவரேனும் உடன்பட்டுக் குற்றவாளியென உரைக்கலாம். தண்டனையை உரைத்தற்கு அவர் உரியரல்லர். அது நீதிபதியின் கடன். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, சிறைத்தண்டனையை ஒத்திவைத்தற்கும், சில வழக்குகளிலே குற்றத்தீர்ப்பளியாமலே நிபந்தனையுடன் விடுவித்தற்கும் இடந்தருகின்றது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் இழைத்த தவறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. பொற்கொல்லன் சொற்கேட்ட மாத்திரத்தே, கோவலனை அழைத்து வினாவாமலே, குற்றந் துணிதலையும் கொலை விதித்தலையும் ஒரே வாய்மொழியில் அவன் அடக்கினான். இரண்டு வினாக்களுள் ஒன்றேனும் அங்கே வினவப்படவில்லை.

ஆளுக்கேற்பத் தண்டனை வேறுபடின், சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது பொய்யாகாதோ எனின், ஆகாது என்க. தண்டப்பணத்தை எடுத்து நோக்குவாம். ஒரே குற்றத்திற்காக இருவருக்குத் தனித்தனி 5,000 ரூபா தண்டமும், செலுத்தாவிடின் ஒரு மாத மறியலும் விதிக்கப்பட்டன என்று வைத்துக்கொள்வாம். கடையுடையான் பணத்தைச் செலுத்தி அன்று மாலையே வீடு சேர்கின்றான். அன்றாடங் கூலிக்காரன் செலுத்தமாட்டாது மறியற்சாலை புகுகின்றான். அவன் மனைவி மக்கள் பசித்திருக்கின்றனர். எண்ணால் ஒத்த தண்டனை நுகர்ச்சியால் ஒத்ததன்று. இது வெறுங் கற்பனையுமன்று. ஆண்டுதோறும் தண்டனை பெற்று நம் நாட்டு மறியற்சாலைகளுட் புகுவாருள் பெரும் பங்கினர் தண்டப்பணஞ் செலுத்த இயலாதவரே. தண்டத்தைத் தவணையிற் செலுத்த இடமளிக்கும் அதிகாரம் நீதிமன்றுக்கு உண்டு. வறியவனுடைய நிலையை உசாவி அதனை வழங்குதல் சலுகையன்று, சமத்துவத்தைக் காத்தலேயாம்.

இன்னுமொரு தடையுண்டு. நீதிபதியின் தற்றுணிபுக்கு விடின், வல்ல வழக்கறிஞரை அமர்த்தியவன் இரக்கம் பெறுவான், அமர்த்த வழியற்றவன் பெறான் என்பர். இது வலிய தடை. சில குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையை முன்னரே வரையறுத்தல் இதற்கு ஒரு பரிகாரமாகக் கூறப்படும். 1995 ஆம் ஆண்டிலே தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது பாலியற் குற்றங்கள் சிலவற்றிற்கு அவ்வாறு செய்யப்பட்டது. அக்குற்றங்களின் கொடுமையை நோக்கின் அவ்விதியின் கருத்துப் பழிக்கத்தக்கதன்று. எனினும் அத்தகைய விதியொன்று, தக்க தண்டனையைத் தெரியும் நீதிபதியின் தற்றுணிபைத் தடுக்கமாட்டாதென 2008 ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஒரு பெயரால் வழங்கும் குற்றத்துள்ளும் செயல்கள் பலவாதலின், அவற்றைக் காணாமுன்னரே அளவு கூறுதல் அரிது. தற்றுணிபினால் வரும் தீங்கிற்கு மருந்து, அதனை ஒழித்தலன்று. நியாயங்களை எழுதுவித்தலும், மேன்முறையீட்டில் அவற்றை ஆராய்தலும், வறியவனுக்கும் வழக்கறிஞர் துணையை அளித்தலுமேயாம். 1978 இல் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் பயனும் இதுவே.

இதனால், இரக்கத்துக்கு எல்லையில்லை என்று கொள்ளற்க. இழப்புற்றவருடைய துன்பமும் அதே தராசிலே வைக்கப்படல் வேண்டும். கொடுஞ்செயல் செய்தவனுடைய வறுமையோ இளமையோ அச்செயலைச் சிறுசெயலாக்கமாட்டாது. எத்துணைத் தண்டனை போதும் என்பதை அறிதற்கே அவை துணையாவன.

ஆசிரியர்களாகிய நமக்கு இவற்றாற் பெறப்படுவன சில உள. 2018 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி 12 வயதிற்குட்பட்ட பிள்ளையின் செயல் எதுவும் சட்டத்தின் முன் குற்றமாகாது. முன்னர் அவ்வெல்லை 8 ஆக இருந்தது. நியாயஸ்தலங்கள் விதித்துவந்த சாட்டையடித் தண்டனையும் 2005 இல் ஒழிக்கப்பட்டது. குற்றவாளிகளுக்கே அரசு இத்துணை பொறுமை காட்டுமாயின், சிறுவரிடத்து நாம் காட்டவேண்டிய பொறுமை எத்துணை!

வகுப்பிலே ஒரு மாணவனுடைய புத்தகம் காணாமற்போகின்றது. முன்னொருகால் பென்சில் திருடியவன்மீதும், தந்தை மறியலில் இருக்கும் பிள்ளைமீதும் மற்றைய மாணவருடைய கண்கள் திரும்புகின்றன. அப்பொழுது ஆசிரியர் முதல் வினாவையே முதலில் வினவக் கடவர். பழைய பிழையும் குடிப்பிறப்பும் அதற்கு விடையாகா. குற்றம் தெளிந்தபின், இப்பிள்ளை ஏன் எடுத்தான், வீட்டிலே புத்தகம் வாங்க வழியுண்டோ, எதனால் திருந்துவான் என்று இரண்டாவது வினாவை ஆற அமர வினவுக. இவ்வொழுங்கைப் பள்ளியிலே கண்டு வளர்ந்தவன், நாளை யூரியாயினும் நீதவானாயினும், தன் முன் நிற்பவனைத் தீர விசாரியாது தண்டிக்கத் துணியான்.