சரணமும் சபையும்

நாம் நாள்தோறும் மும்முறை சரணம் சொல்கிறோம். விஹாரத்திற் கூடும்போது சொல்கிறோம். மணவினையிலும் மரண வீட்டிலும் சொல்கிறோம். சரணம் என்பதற்கு அடைக்கலம் என்பது பொருள். தஞ்சம் என்றும் கொள்ளலாம். ஆகவே பௌத்தர் ஒவ்வொருவரும், தாம் தஞ்சம் புகுந்தவர் என்பதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். அவ்வாறு ஒப்புக்கொண்டவர், தம் ஊருக்குத் தஞ்சம் தேடி வரும் மற்றொருவரை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும்? நிழலும் நீரும் கொடுத்தால் போதுமா? அன்றி, ஊர்க் காரியங்களை முடிவு செய்யும் சபையில் அவர் குரலுக்கும் இடம் வேண்டுமா? இக்கேள்வியையே ஈண்டு ஆராய விழைகிறோம்.

தலைநகராகிய தில்லிக்குச் செல்லும் நம் அன்பர்கள் தவறாமற் காண விரும்பும் இடம், அலிப்பூர் சாலை 26ஆம் எண் இல்லம். பாபாசாகேப் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6ஆம் நாள் பரிநிர்வாணம் எய்திய இடம் அது. 2018ஆம் ஆண்டு முதல் அங்கே தேசிய நினைவகம் ஒன்று விளங்குகிறது. அங்கிருந்து சிறிது தொலைவில், யமுனைக் கரையோரம், மஜ்னு கா டீலா என்னும் பகுதி இருக்கிறது. 1959ல் தலாய் லாமா இந்தியாவை அடைந்த பின்னர் நாடிழந்து வந்த திபெத்தியர் அங்கே குடியமர்ந்தனர். அவர்களுடைய குடியிருப்புக்கு அண்மையிலேயே, பாகிஸ்தானிலிருந்து வந்த இந்துக் குடும்பங்கள் தார்ப்பாய்க் கூரைகளின் கீழ் வாழ்கின்றன. அதே நதியைத் தொடர்ந்து தெற்கே சென்றால் மதன்பூர் காதர், காளிந்தி குஞ்ச் பக்கத்தில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்களின் குடிசைகளைக் காணலாம். அக்குடிசைகள் 2018லும் 2021லும் தீக்கிரையாயின.

ஒரே நதிக்கரையில் வாழும் இம்மூவகையாரின் நிலையும் சட்டத்தின் முன் ஒன்றன்று. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்திய மண்ணிற் பிறந்த திபெத்தியர், பிறப்பினாலேயே இந்தியப் பிரஜைகள் ஆவர். 2010ல் தில்லி உயர்நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. 2014ல் தேர்தல் ஆணையம் அவர்களை வாக்காளர் பட்டியலிற் சேர்க்குமாறு பணித்தது. பாகிஸ்தானிலிருந்து 2014ஆம் ஆண்டு முடிவதற்குள் வந்த இந்துக்களுக்கு 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழி திறந்தது; 2024 மே மாதத்தில் முதற் சான்றிதழ்கள் அளிக்கப்பட்டன. ரோஹிங்கியா மக்களுக்கோ இவ்வழிகளுள் எதுவும் இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. ஆதலால் அகதி என்னும் தகுதியையேனும் அவர்கள் சட்டத்தின் பெயராற் கோருவதற்கில்லை.

ஆயினும் இம்மூவரும் ஒரே நகரின் காற்றைச் சுவாசிக்கின்றனர். அவர்கள் தெருக் குப்பையை அள்ள வேண்டியதும், அவர்கள் குழந்தைக்குப் பிறப்புச் சான்று எழுத வேண்டியதும் அதே மாநகராட்சிதான். மக்கள்தொகைக் கணக்கு, பிரஜை என்றும் அந்நியர் என்றும் பாராமல், ஓரிடத்தில் வாழும் அனைவரையும் எண்ணுகிறது. மாநகராட்சியின் வட்டங்களுக்கு எல்லை வகுப்பது அக்கணக்கைக் கொண்டே. ஆக, எண்ணும்போது மனிதராகச் சேர்க்கப்படுபவர், பேசும்போது இல்லாதவராகி விடுகிறார். இது முறையா என்பதே நம் கேள்வி.

தில்லிக்கு அகதிகள் புதியவர் அல்லர். இன்றைய தில்லியைச் சமைத்தவர்களிற் பெரும்பாலார் அகதிகளே. 1941ல் ஏறத்தாழ 9 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1951ல் 17 லட்சத்தைத் தாண்டியது. பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் வந்து சேர்ந்தனர். 3 லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேறினர். வந்தவர் கிங்ஸ்வே முகாமிலும், பழைய கோட்டையிலும், சாலையோரக் கூடாரங்களிலும் கிடந்தனர். பின்னர் லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், பட்டேல் நகர் முதலிய குடியிருப்புகள் எழுந்தன. அவர்களுடைய பிள்ளைகள் வணிகத்தில் உயர்ந்தனர், சபைகளில் அமர்ந்தனர். லயல்பூரிற் பிறந்து, சிறுவயதில் அகதியாக வந்து, கீர்த்தி நகரில் வளர்ந்த மதன்லால் குரானா 1993ல் தில்லியின் முதலமைச்சரானார். அகதிக்குச் சபையில் இடம் கொடுத்ததால் தில்லி கெட்டுப் போகவில்லை. அவர்களுடைய உழைப்பினால் அது பெருகியது.

எனினும் அந்நாளிலும் வரவேற்பு எல்லோருக்கும் ஒரே தன்மையதாக இருக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. 1947 டிசம்பரில் சட்ட அமைச்சராக இருந்த பாபாசாகேப், பிரதமர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அகதிகள், அதிகாரிகள் காட்டும் வேற்றுமையினால் முகாம்களில் தங்க இயலாமற் போகின்றனர். முகாமில் தங்காதவருக்கு உணவும் உடையும் இல்லை என்னும் விதியினால் யாதொரு உதவியும் பெறாமல் வாடுகின்றனர் என்று முறையிட்டார். வீடிழந்து, நாடிழந்து, எல்லாம் இழந்து நின்ற வேளையிலும் சாதி மட்டும் இழக்கப்படவில்லை. அம்முறையீட்டை எழுதுவதற்கு அமைச்சரவையில் ஒருவர் இருந்தார். ஆதலால் அது எழுதப்பட்டது. அவர் அங்கே அமர்ந்திராவிடில், முகாமின் வாயிலில் நிகழ்ந்தது வாயிலிலேயே மறைந்திருக்கும். வரவேற்பும் பிரதிநிதித்துவமும் இரு வேறு பொருள்கள் அல்ல என்று நாம் கூறுவதன் காரணம் இதுவே.

இவ்விஷயத்தில் சங்கத்தின் ஒழுங்கு நமக்கு வழிகாட்டுகிறது. ஒரு விஹாரத்துக்கு வெளியூர்ப் பிக்கு வந்தால், அங்குறையும் பிக்கு அவருக்கு ஆசனம் இட வேண்டும். கால் கழுவ நீர் வைக்க வேண்டும். தங்குமிடம் காட்ட வேண்டும். வருபவருக்கும் கடமை உண்டு. அவர் பாதரட்சையைக் கழற்றி, குடையைத் தாழ்த்தி, அவ்விடத்து வழக்கங்களைக் கேட்டறிந்து நடக்க வேண்டும். இவ்வளவோடு விநயம் நின்றுவிடவில்லை. சீமை எனப்படும் எல்லைக்குள் இருக்கும் பிக்குகள் யாவரும் கூடினாலன்றிச் சங்கத்தின் காரியம் செல்லாது. நோயுற்றவர் தம் இசைவைப் பிறர் வாயிலாகச் சொல்லியனுப்ப வேண்டும். நேற்று வந்தவர் என்று ஒருவரை ஒதுக்கிச் செய்த காரியம், பிளவுபட்ட காரியமாகும்.

இதன் உட்பொருளைச் சிந்திக்க வேண்டுகிறோம். வந்தவரை ஒதுக்கினால் வந்தவருக்கு நஷ்டம் என்று மட்டும் விநயம் சொல்லவில்லை. ஒதுக்கிய சபையின் முடிவே குறையுடையது என்கிறது. எல்லைக்குள் வாழ்பவரைக் கேளாமல் எல்லைக்குள் முடிவு செய்வது, அறியாமையோடு முடிவு செய்வதாகும். குடிசையில் நீர் எந்நேரம் வருகிறது என்பதைக் குடிசையில் இருப்பவரே அறிவார். அவர் சொல்லாமல் சபை அதனை அறிய வழியில்லை.

உபாலியின் வரலாற்றையும் நினைவுகூர்வோம். சாக்கிய அரசிளங்குமரர் துறவு பூண வந்தபோது, தம் நாவிதராகிய உபாலிக்கே முதலில் தீட்சை தர வேண்டுமென்று தாமே வேண்டினர். முன்னே துறந்தவரைப் பின்னே துறந்தவர் வணங்க வேண்டும் என்பது சங்க விதி. நாவிதரை வணங்கித் தம் குலச்செருக்கை அடக்கிக்கொள்ளவே அவர்கள் அவ்வாறு செய்தனர். ஆசனத்தின் வரிசையை மாற்றாமல் உள்ளத்தின் வரிசை மாறாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

தில்லி மாநகராட்சி 1958ல் அமைந்தபோது அதன் முதல் மேயராக ஒரு பெண்மணி, அருணா ஆசப் அலி, தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று அதன் 250 வட்டங்களிற் பாதி பெண்களுக்கு உரியவை. 42 வட்டங்கள் தாழ்த்தப்பட்டோருக்கு உரியவை. ஐந்தாண்டுக் காலத்தில் முதலாண்டு மேயர் பதவி பெண்ணுக்கும், மூன்றாமாண்டுப் பதவி தாழ்த்தப்பட்டவருக்கும் என்று சட்டம் வகுத்துள்ளது. 2022 டிசம்பர்த் தேர்தலில் சுல்தான்பூரி வட்டம் ஒன்றிலிருந்து திருநங்கை ஒருவர் முதன்முறையாக அச்சபைக்குச் சென்றார். இவை மெய்யான முன்னேற்றங்கள். ஆயினும் 2024 ஏப்ரலில் நடந்திருக்க வேண்டிய மூன்றாமாண்டு மேயர் தேர்தல் நவம்பர் 14ஆம் நாள்தான் நடந்தது. தாழ்த்தப்பட்டவருக்கென வகுத்த ஓராண்டு, ஏறக்குறைய ஐந்து மாதமாகச் சுருங்கியது. அரசியற் கட்சிகள் காரணத்தை ஒருவர்மேல் ஒருவர் சுமத்துவர். நாம் காண்பது ஒன்றே: ஆசனம் சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, உரிய காலத்தில் அமரவும் விடவேண்டும்.

இப்படிப்பட்ட ஏமாற்றம் நமக்கும் புதிதன்று. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதியினர் ஆணையில் பௌத்தருக்கு இடமில்லை. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேபோடு தம்மம் தழுவியவர், அன்றே ஒதுக்கப்பட்ட தொகுதியில் நிற்கும் உரிமையைச் சட்டப்படி இழந்தார். 1990ல் ஆணை திருத்தப்படும் வரை 34 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. கணக்கில் உண்டு, சபையில் இல்லை என்னும் நிலை எத்தகையது என்பதை நம் முந்தைய தலைமுறை அனுபவித்து அறிந்தது.

இனி எதிர்வாதங்களைக் கேட்போம். பிரஜா உரிமை அளிப்பது மத்திய அரசின் அதிகாரம். நகரசபை இதில் என் செய்யும் என்பர் சிலர். உண்மையே. ஆனால் வாக்களிப்பது வேறு, பேசுவது வேறு. தில்லி மாநகராட்சியிலேயே நியமன உறுப்பினர் பதின்மர் உளர். அவர்கள் மாமன்றக் கூட்டத்திற் பேசலாம், வாக்களித்தல் இயலாது. ஆகவே வாக்கில்லாதவர் சொல்லையும் சபை கேட்கலாம் என்பதைச் சட்டமே ஏற்றிருக்கிறது. அகதிக் குடியிருப்பு மூப்பர்களை அழைத்து, அவர்கள் குறையைக் கேட்டுப் பதிவு செய்வதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. பிற நாடுகள் இதற்கு அப்பாலும் சென்றுள்ளன. சுவீடன் 1976 முதல் மூன்றாண்டு வாழ்ந்த வெளிநாட்டாரையும் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்க விடுகிறது. அயர்லாந்தில் 2000ஆம் ஆண்டு நைஜீரியாவிலிருந்து தஞ்சம் கோரி வந்த ரொட்டிமி அதேபாரி என்பவர், 2004ல் போர்ட்லீஷ் நகரசபை உறுப்பினராகி, 2007ல் அந்நகரின் மேயரானார்.

மற்றொரு வாதம் இதனினும் கனமானது. நம் ஏழைகளுக்கே இடமில்லாதபோது பிறருக்கு எங்கே இடம் என்று கேட்கின்றனர். இதனை நாம் இகழ்ந்து ஒதுக்க மாட்டோம். 2025 ஜூன் 1ஆம் நாள், தில்லி ஜங்புராவில் தமிழர் பல பத்தாண்டுகள் வாழ்ந்த மதராஸிக் குடியிருப்பு, பாராபுல்லா கால்வாயைத் துப்புரவு செய்யும் பொருட்டு நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. 370 வீடுகளில் 189 வீட்டாரே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையோர் எனக் கண்டனர். அவ்வீடுகளும் நகரின் வடகோடியில், நரேலாவில் இருந்தன. அவர்கள் அகதிகள் அல்லர். வாக்குரிமை உள்ள இந்தியப் பிரஜைகள். அவர்களை வெளியேற்றியவர் எந்த அகதியும் அல்லர். ஏழையின் குரல் எட்டாத சபையில், உள்ளூர் ஏழைக்கும் அயலூர் ஏழைக்கும் ஒரே கதிதான். ஒருவருக்குக் கதவை அடைத்தால் மற்றவருக்கு இடம் பெருகும் என்பது மயக்கம்.

இறுதியாக, நம் நெஞ்சைச் சுடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திபெத்தியரை வரவேற்பது நமக்கு எளிது. அவர்கள் நம் சரணத்தையே சொல்பவர்கள். ரோஹிங்கியா மக்களோ, பௌத்தர் பெரும்பான்மையாக வாழும் நாட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள். 2017ல் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினர். அவர்களைத் துரத்தியவர்களின் நாவிலும் புத்தரின் திருநாமம் இருந்தது. இதனைக் கேட்டு நாம் வாளாவிருந்தால், சரணம் என்னும் சொல் நம் வாயில் ஓசையாக மட்டுமே எஞ்சும். 2024 டிசம்பரில் தில்லி மாநகராட்சி, சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறிய வங்கதேசத்தாரின் பிள்ளைகளைத் தன் பள்ளிகளில் அடையாளம் காணுமாறு பணித்தது. 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், ரோஹிங்கியாப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளிற் சேர விண்ணப்பிக்கலாம். மறுக்கப்பட்டால் உயர்நீதிமன்றத்தை அணுகலாம் என்றது. எல்லை காக்கும் கடமை அரசுக்கு உண்டு. ஆயினும் ஆறு வயதுக் குழந்தை எழுத்தறிய வரும்போது, அதன் தந்தை எவ்வழி வந்தார் என்று ஆசிரியர் ஆராய்வது தம்மமாகாது.

ஆகவே அன்பர்களுக்கு நாம் வேண்டிக்கொள்வது சிறிதே. தில்லியிலாயினும், சென்னையிலாயினும், கோலாரிலாயினும், நம் வட்டத்து உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது, நம் தெருவுக்கு என்ன செய்வீர் என்று கேட்பதோடு நில்லாமல், நம் வட்டத்தில் வாக்கில்லாமல் வாழ்பவர் யார், அவர்கள் சொல்லை எப்போது கேட்டீர் என்றும் கேளுங்கள். நம் சங்கக் கூட்டங்களிலும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்: எல்லைக்குள் இருந்தும் இன்று வராதவர் யார்? அவரை அழைத்தோமா? ஆசனம் இட்டோமா? இக்கேள்விக்கு விடை கண்ட பின்னர் சரணம் சொல்வோமாக.