நெருப்பில் விழிக்கும் வித்து

கரும்பு வெட்டிய வயலில் சோகையைக் கொளுத்துகிறார்கள். நெருப்பு அடங்கிச் சில நாட்களில், கருகிய கட்டைகளின் மேல் ஆரஞ்சு நிறத்தில் மாவு போன்ற ஒன்று படர்கிறது. நியூரோஸ்போரா என்னும் பூஞ்சை அது. தென்னிந்தியக் கரும்பு வயல்களில் அதன் வாழ்வைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய ரமேஷ் மகேஸ்வரி ஆராய்ந்திருக்கிறார். எல்லாம் எரிந்துபோன இடத்தில் இது எப்படி முந்திக்கொண்டு வருகிறது?

இந்தப் பூஞ்சைக்கு இருவகை வித்துகள் உண்டு. கண்ணில் படும் ஆரஞ்சுத் தூள் முதல் வகை. உணவு தாராளமாக இருக்கும்வரை பூஞ்சைக்குத் துணை வேண்டியதில்லை. தன் இழைகளின் நுனியிலிருந்தே கோடிக்கணக்கில் தூளை உதிர்க்கிறது. ஒவ்வொன்றும் தாயின் அச்சு அசல். காற்றில் பறந்து, ஈரம் கண்ட இடத்தில் உடனே முளைக்கும். ஆனால் சூடு தாங்காது.

நைட்ரஜன் குறையத் தொடங்கினால் பூஞ்சை வேறு வழி தேடுகிறது. பெண் உறுப்பை உருவாக்கி, அதிலிருந்து மெல்லிய இழையொன்றை நீட்டுகிறது. இப்பூஞ்சையில் இரண்டு இனச்சேர்க்கை வகைகள் இருக்கின்றன. தன் வகையோடு எதுவும் சேராது. மற்ற வகை விடும் வேதிக் குறிப்பை நோக்கியே இழை வளர்கிறது. இழை வழியே உள்ளே வந்த மற்ற வகையின் உட்கரு உடனே கலந்துவிடுவதில்லை. இரு வகைகளின் உட்கருக்களும் பக்கம் பக்கமாக நின்று பல முறை பெருகுகின்றன; பிறகே இரண்டு ஒன்றாகின்றன. ஒன்றானதும் குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பு நடக்கிறது. 7 இணைக் குரோமோசோம்களும் துண்டு மாறி, பங்கு பிரிந்தபின், நீண்ட பை ஒன்றுக்குள் 8 கறுப்பு வித்துகள் வரிசையில் நிற்கின்றன. எந்தப் பண்பு எந்த வித்துக்குப் போனது என்று இதில் தடம் பிடிக்க முடியும். பீடில், டேட்டம் என்னும் அறிவியலாளர்கள் 1941இல் மரபணுவுக்கும் நொதிக்கும் உள்ள உறவைக் காட்ட இந்தப் பூஞ்சையைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் வகையான அந்தக் கறுப்பு வித்து தடித்த ஓடு பூண்டு மண்ணில் உறங்கும். ஆண்டுகள் போனாலும் கெடாது. ஆய்வகத்தில் 60 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தால் விழித்துக்கொள்ளும். ஆரஞ்சுத் தூளைக் கொல்லும் அதே சூடுதான் இதை எழுப்புகிறது.

பூஞ்சைக்கு எண்ணம் கிடையாது. அதனிடம் அறம் கேட்க முடியாது. ஆனாலும் நம்மை உறுத்த வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. பற்றாக்குறை வந்ததும் பூஞ்சை அந்நியரைத் தேடுகிறது; நாமோ கதவைச் சாத்துகிறோம். நம் சாதி, நம் ஊர், நம் வழக்கம் என்று சுருங்குகிறோம். பிள்ளைகளையும் நம் அச்சிலேயே வார்க்கப் பார்க்கிறோம். நேற்றைப் போலவே நாளையும் இருக்குமென்றால் அந்த அச்சு போதும். நாளை எப்படி இருக்கும் என்பதோ யாருக்கும் தெரியாது.

தெரியாத நாளைக்கு அனுப்ப வேண்டியவர், நம்மைப் போலவே இல்லாத ஒருவர். அவரை உருவாக்க, நம்மில் பாதியை விட்டுக்கொடுத்து, அந்நியரின் பாதியை ஏற்க வேண்டும். அப்படி இழக்கச் சம்மதிக்கிறவருக்கே தொடர்ச்சி வாய்க்கிறது.