வீட்டில் என்ன இருக்கிறது?



நோர்வூட்டில் சனிக்கிழமை பின்னேரங்களில், தேயிலை மலையிலிருந்து இறங்கிய களைப்போடு சில தாய்மார் கொப்பியும் பேனையுமாக வந்து உட்காருகிறார்கள். எழுத்து, கணக்கு, சிறுதொழில் எல்லாம் படிக்கிறார்கள். போன கிழமை முறுக்குக் கணக்கு. மா, எண்ணெய், விறகு என்று ஒரு தாய் வரிசையாக எழுதிக் கூட்டினார். "உங்க கூலி எங்கம்மா?" என்று கேட்டாள் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை. "நம்ம அடுப்புல நாம சுடுறதுக்கு என்னா கூலி?" என்று சிரித்தார் அந்தத் தாய். கூலியையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், இவ்வளவு நாளும் நட்டத்துக்கு விற்றது தெரிந்தது.

அரசர்கள் இரண்டாம் நூலிலும், வீட்டில் இருப்பதை வைத்துப் பிழைக்க வேண்டிய ஒரு கைம்பெண் வருகிறாள். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக நிற்கிறான். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார் இறைவாக்கினர் எலிசா. கொஞ்சம் எண்ணெய் இருந்தது. அதைப் பெருகச் செய்து, விற்றுக் கடனை அடைத்து மிச்சத்தில் பிழைக்கச் சொல்கிறார். எதற்காகக் கடன் பட்டாய் என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய புதுமையாகப் படுகிறது. லோன்காரர் வருகிற நாளில் கதவைச் சாத்திக்கொள்ளும் வீட்டைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? கொப்பி தூக்கிக்கொண்டு போகிற பாட்டியைப் பார்த்து, இந்த வயசுல என்ன படிப்பு என்று சிரித்தது யார்?

எழுதத் தெரியாமல் கைநாட்டு வைத்த வெட்கம் அந்தப் பாட்டிமாருடையது அல்ல, அன்பானவர்களே. 1948இல் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது ஒரு சட்டம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அந்தக் காலத்தில், 1972இல், இயேசு சபைக் குரு பால் கஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கித் தோட்ட மக்களோடு நின்றார். திருச்சபை அதற்கும் முந்தியே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிந்திப் படிக்க வந்தோமே என்று வெட்கப்பட வேண்டாம். கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும் என்பது கொழுந்தெடுக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்டவர் சொன்ன உவமையில், மாலை ஐந்து மணிக்குத் திராட்சைத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கும் நிலக்கிழார் முழுப் பேர் போட்டார். ஏன் இவ்வளவு நேரம் சும்மா நின்றீர்கள் என்று கேட்டார். எங்களை யாரும் கூப்பிடவில்லை என்றார்கள். அந்தப் பதில் அவருக்குப் போதுமாயிருந்தது. அறுபது வயதில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதுகிற தாயே, உங்களுக்கும் அவரிடத்தில் அரைப் பேர் இல்லை.

இன்னொன்று. எண்ணெயை ஊற்றி நிரப்ப அந்தக் கைம்பெண்ணுக்கு வெறும் பாத்திரங்களை இரவல் கொடுத்தது அயல்வீட்டார்தான். நம் லயத்தில் ஒரு தாய் வகுப்புக்குப் போகும் அந்த இரண்டு மணி நேரம் அவர் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, பீலித் தண்ணீரை யார் பிடித்து வைப்பது? ஆண்களே, இளைஞர்களே, திருப்பலி முடிந்ததும் போய்விடாமல், யார் யார் உதவிக்கு வருவீர்கள் என்று கோயில் வாசலில் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.