பழசுக்குப் புது வண்ணம் பூசினால் அது பொய்யா?

சாயம் நூலுக்குள்ளே இறங்கும். அக்ரிலிக் பெயிண்ட் நூல் மேலேயே படலமா நிற்கும். கனமா அடிச்சா மடிக்கிற இடத்துல வெடிச்சிடும். வெளுத்துப்போன பவானி ஜமக்காளத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறது, கோடிங்கைத் தொடாம ஸ்க்ரீனை மட்டும் மாத்துற மாதிரிதான். (எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரு அப்கிரேடு!)

அப்போ அது ஏமாத்து வேலையா? விற்கிறதுக்காக அடிச்சா, ஆமாம். வீட்டில் புழங்குறதுக்காகன்னா, இல்லைன்னுதான் நினைக்கிறேன். பரண்ல மட்கிப் போறதைவிட, நாலு பேர் மேல உட்கார்றதுதான் அதுக்கு மரியாதை.

ஆனா பிரஷ்ஷை எடுத்ததும், "பாட்டி உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ஞ்ச இடம்டா அது"ன்னாங்க அம்மா. அந்தத் தடம் எனக்கு மட்டும் சொந்தமில்லையே. ஜமக்காளத்துக்கு ரெண்டு பக்கமும் நெசவு ஒண்ணுதான். அதனால ஒரு பக்கம் மட்டும் அடிச்சேன். விருந்தாளி வந்தா வண்ணப் பக்கம். அம்மா தனியா உட்காரும்போது திருப்பிப் போட்டுக்கறாங்க.