காட்டிற்கு யார் பதில் சொல்வது?

போர் முடிந்ததும் கணக்கெடுக்கிறார்கள். மாண்டவர் எத்தனை பேர், பிடித்த ஊர்கள் எத்தனை, இடிந்த கோட்டைகள் எத்தனை, கரைந்த பொருள் எவ்வளவு என்று எல்லாவற்றிற்கும் ஏடு உண்டு, எழுதுவோரும் உண்டு. வெந்த காட்டிற்கு ஏடு ஏது? வீழ்ந்த மரத்திற்காக வழக்காடுவோர் யார்? எந்தக் கொடியையும் ஏந்தாத, எந்த மன்னனையும் பகைக்காத உயிர்கள், மனிதன் மூட்டிய தீயிலே மடிகின்றனவே! அவற்றுக்கு நாம் கடன்பட்டவர்களா, இல்லையா? கேள்வி இதுதான், தோழர்களே!

பழந்தமிழர் போரிலும் அறம் இருந்தது என்று பெருமை பேசுகிறோம். பேச வேண்டியதுதான். போர் தொடங்குமுன், பசுக்களும் பெண்டிரும் பிணியுற்றோரும் காப்பிடம் சேருமாறு அறிவித்த பாண்டியன் முதுகுடுமியைப் போற்றுகிறது புறநானூறு. ஆனால், பகைவனின் காவல்மரத்தை வெட்டிச் சாய்ப்பதும் அந்நாளில் வீரம் எனப்பட்டது. பகைவரின் கடம்பினை வெட்டி, அதனைக் கொண்டே போர்முரசு செய்தான் சேரன் நெடுஞ்சேரலாதன் என்கிறது பதிற்றுப்பத்து. பசுவுக்கு அறிவிப்பு, மரத்துக்குக் கோடரி! பயன் தரும் உயிருக்கு இரக்கம். மற்றவற்றிற்கு அது இல்லை. பயனின் எல்லையிலேயே நின்றுவிட்டது அந்த அறம்.

வெள்ளையர் வந்தபோதும் கோடரி ஓயவில்லை. மருது சகோதரர்களின் காளையார்கோவிலைச் சூழ்ந்து நின்றது அடர்ந்த காடு. காடே அவர்கட்கு மதில். 1801 ஆகஸ்டில், கர்னல் அக்னியூவின் படை சிறுவயலிலிருந்து அக்காட்டை வெட்டி வழி சமைக்க முனைந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் வெட்டியும் வழி முடியவில்லை. பின்வாங்கிய படை, அக்டோபர் 1ஆம் நாள் பல முனைகளிலிருந்து பாய்ந்து காளையார்கோவிலைப் பிடித்தது. அதே மாதம் 24ஆம் நாள், திருப்பத்தூரில் தூக்கிலேற்றப்பட்டனர் மருதிருவர். வரலாற்றுப் பாடம் நடத்தும் என் போன்ற ஆசிரியர்கள், ஆண்டையும் தளபதியின் பெயரையும் கரும்பலகையில் எழுதுகிறோம். அந்த ஒரு மாதத்தில் வீழ்ந்த மரங்களை நம்பி வாழ்ந்த உயிர்களைப்பற்றி ஒரு வரியேனும் எழுதுகிறோமா?

நம் திருவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில், 1988ஆம் ஆண்டு முதல் சாம்பல் நிற அணிலுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. 2021இல் அது மேகமலையோடு இணைந்து, இந்தியாவின் 51ஆவது புலிகள் காப்பகமாயிற்று. அதே இனத்து அணில் கடலுக்கு அப்பால் இலங்கைக் காடுகளிலும் வாழ்கிறது. அணிலுக்கு இரு நாடும் ஒரே காடுதான். ஆனால் 1983 முதல் 2009 வரை அங்கே நடந்தது போர்! காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் தலை கொடுத்தன வடபுலத்துப் பனைகள். வில்பத்துக் காட்டின் வாயில் 1988 முதல் 2003 வரை அடைபட்டுக் கிடந்தது. கண்ணிவெடியில் பாதத்தை இழந்து, பின்னவல காப்பகத்தில் மூன்று கால்களால் நடந்தது 'சாமா' என்னும் யானை. எந்தப் படையில் பணியாற்றியது அது? எந்த எல்லையைக் கேட்டது?

"மனிதர் மடிந்த மண்ணில் மரத்துக்கும் விலங்குக்கும் அழுவதா?" என்பர் சிலர். நியாயமான கேள்வி. ஆனால் பனை வெறும் மரமா? கள்ளும் கருப்பட்டியும், கூரைக்கு ஓலையும், அடுப்புக்கு விறகும் தந்த ஏழையின் சொத்து அல்லவா! யானை கால்வைக்க முடியாத நிலத்தில் உழவன் ஏர்பூட்ட முடியுமா? காட்டின் காயமும் ஏழையின் காயமும் வேறு வேறல்ல.

"காடு தானே தழைக்கும்" என்பர் வேறு சிலர். கொரியாவின் இரு பகுதிகட்கு இடையே, 1953 முதல் 4 கிலோமீட்டர் அகலத்திற்கு பெரும்பாலும் மனிதர் குடியேறாத நிலம் கிடக்கிறது. அங்கே கொக்கினங்கள் செழிக்கின்றன என்று எடுத்துக்காட்டுவர். மனிதன் நுழைய அஞ்சியதன் விளைவு அது. போரின் கொடை அன்று! அந்த நிலத்திலும் கண்ணிவெடிகள் புதைந்தே கிடக்கின்றன. வியட்நாமைப் பாருங்கள். 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் ஏழு கோடி லிட்டருக்கும் மேலான களைக்கொல்லி நஞ்சைப் பொழிந்தன. கான் ஜியோ அலையாத்திக் காடு கருகி அழிந்தது. 1978 முதல் மக்கள் சேற்றில் இறங்கிக் கன்று நட்டார்கள். 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. விதியா நட்டது? கைகள் நட்டன!

ஈழத்து மண்ணிலும் அத்தகைய கைகள் உழைக்கின்றன. ஹாலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளில் சேர்ந்து, மண்ணை அங்குலம் அங்குலமாகத் துழாவிக் கண்ணிவெடி அகற்றுவோரில் தமிழ்ப் பெண்கள் பலர்; போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களுள் உண்டு. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. கண்ணிவெடியைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டு ஒட்டாவா உடன்படிக்கையில் 2017இல் இலங்கை சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை!

மனிதனை விலங்கினின்றும் பிரிப்பது பகுத்தறிவு என்கிறோம். அப்படியானால் பொறுப்பும் அந்த அறிவு உடையவனுக்கே உரியது. கேட்கத் தெரியாதவனிடம் பட்ட கடனும் கடன்தான். அணில் மனு எழுதாது. யானை ஊர்வலம் வராது. அவற்றுக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம். காவலுக்காகப் புதைத்த வெடி, போர் ஓய்ந்த பின்னும் உழவனையும் உழைமானையும் கொல்கிறதே, அதனை ஏன் கைவிடக்கூடாது என்று மன்றங்களில் கேளுங்கள், மேடைகளில் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்!