மிளகாய் சுமந்த பழி

1979இல் அப்பாவின் குடலில் ஓட்டை விழுந்தது. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கணக்குக் கொடுக்கப் போனவரை எட்டு மணி வாக்கில் நாலு பேர் தீம்பாரின் ரப்பர் மரங்களுக்கிடையிலிருந்து தூக்கி வந்தார்கள். வயிறு பலகை போல இறுகிக் கிடந்தது. தோட்டத்து டிரஸ்ஸர் ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார், உடனே லாரியை வரச் சொன்னார். ஈப்போவில் அறுத்தார்கள். இரைப்பையில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அதற்குப் பிறகு அப்பா 14 வருஷம் இருந்தார். அவருக்கென்று ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். ஒரு வேளைக்கு அதில் கொள்ளும் சோறுதான் இறங்கும். கூட ஒரு பிடி போய்விட்டால் உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடத்து, பாயில் சுருண்டுவிடுவார். அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் அம்மாவின் பார்வை எப்போதும் இருக்கும்.

அம்மாவுக்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அப்பாயி லயத்து வாசலில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: “இவ அரைக்கிற காரத்துலதான் எம்புள்ள கொடலு வெந்துபோச்சு.” அம்மா பதில் பேசவில்லை. அன்றோடு எங்கள் வீட்டு அம்மியில் மிளகாய் ஏறுவது நின்றது. அவள் கண் மூடிய 1998 வரை, 19 வருஷம், தனக்கென்றுகூட ஒரு மிளகாயைக் கிள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை.

மற்றவர்களும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கோவக்காரன், அதான். நேரத்துக்குச் சாப்பிட மாட்டான், அதான். கள்ளுக்கடைப் பழக்கம், அதான். நேரத்துக்குச் சாப்பிட முடியாதபடி பெரட்டு மணியை அடித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எதிர்க் கம்பத்தில் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே மிளகாயைத் தொடாதவர், கோபமே வராத மனுஷர். அவர் இரைப்பைப் புற்றுநோயில் போனபோது இந்தக் காரணங்களெல்லாம் எங்கே போயின என்றும் யாரும் யோசிக்கவில்லை.

எனக்கும் வயிற்றில் அந்த எரிச்சல் வந்தது. “கேஸ்ட்ரிக்தான்” என்று வருஷக் கணக்கில் வெள்ளை மருந்தைக் குடித்து ஓட்டினேன். ஒருநாள் குழாய் விட்டுப் பார்த்த இளம் சீன டாக்டர், “அன்ட்டி, கிருமி இருக்கு. சின்ன வயசிலேயே வந்திருக்கும்,” என்றார். என் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் நோய்க்காக என்று நினைத்திருப்பார். நான் நினைத்தது அம்மியை.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தச் சுருள் கிருமியை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982இல் வளர்த்துக் காட்டினார்கள். ஈஸ்டர் விடுமுறையில் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் தட்டுகள் கிடந்ததால் அது கண்ணில் பட்டது. புண்ணுக்குக் காரணம் அதுதான் என்றபோது உலகம் நம்ப மறுத்தது. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அப்பாவை அறுத்ததற்கும் அந்தத் தட்டில் கிருமி முளைத்ததற்கும் இடையே மூன்றே வருஷம். இதைக் கணக்குப் போடாமல் இருக்க என்னால் முடிந்ததில்லை.

ஆனால் கிருமி என்று தெரிந்ததோடு கதை முடியவில்லை. உலகில் ஏறக்குறைய பாதிப் பேர் இதைச் சுமந்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒன்றுமே செய்யாது. சிலருக்குப் புண். நூற்றில் ஓரிருவருக்குப் புற்று. ஏன் இந்த ஓரவஞ்சனை?

விடையில் ஒரு பங்கு கிருமியின் மரபணுக்களில் இருக்கிறது. 1997இல் ஒரு வகையின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். சுமார் 1,600 மரபணுக்கள். சில வகைகளில் ‘காக்’ எனப்படும் ஒரு துண்டு, நாற்பதாயிரம் டிஎன்ஏ எழுத்து நீளத்துக்கு, கூடுதலாக ஒட்டியிருக்கிறது. அது இருக்கும் கிருமி இரைப்பைச் செல்லுக்குள் ஓர் ஊசியை இறக்கி, காக்-ஏ என்ற புரதத்தைச் செலுத்துகிறது. ஏமாந்த செல் அதைத் தன்னுடையதென்று எண்ணி முத்திரை குத்துகிறது. முத்திரை விழுந்த புரதம், செல்லின் வளர்ச்சியை நடத்தும் எஸ்எச்பி-2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். செல் நீண்டு, பக்கத்துச் செல்லோடு இருந்த பிடிப்பை இழக்கிறது. சீனா, ஜப்பான், கொரியா பக்கத்து வகைகளில் அந்தப் பிடி இறுக்கம். இந்தியர்களிடம் பெரும்பாலும் காணப்படும் வகையில் சற்றுத் தளர்வு. வாக்-ஏ என்று இன்னொரு மரபணு, செல்லுக்குள் குமிழிகளைக் கிளப்பும் நஞ்சைச் செய்கிறது. அது எல்லா வகையிலும் உண்டு, ஆனால் எழுத்து மாறினால் வீரியமும் மாறும்.

மலேசியாவில் இது கண்முன்னே விரிகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோ கியன் லீயும் நுண்ணுயிரியலாளர் பராசக்தியும் 2001இல் எழுதினார்கள்: இந்தக் கிருமி இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம், மலாய்க்காரர்களிடம் குறைவு. கிளந்தானில் இரத்த தானம் செய்தவர்களிடம் பார்த்தபோது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாக இருந்ததென்று 1994இலேயே பதிவானது. கிருமியைச் சுமப்பதில் முன்னால் நிற்பது நாம்; இரைப்பைப் புற்றில் முன்னால் நிற்பது சீனர். மருத்துவர்கள் இதை இந்தியப் புதிர் என்றார்கள். மரபணு புதிரின் ஒரு துண்டு. உப்பிட்ட உணவு, நம் உடம்பின் சொந்த மரபு, அழற்சி இரைப்பையில் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதெல்லாம் மற்றத் துண்டுகள். கீழ்ப்பக்கம் பிடித்தால் அமிலம் கூடி முன்சிறுகுடலில் புண் வரும். மேல்பக்கம் பரவினால் அமிலம் வற்றி, புற்றுக்கு வழி திறக்கும். தென்னிந்தியாவின் அரிசி உண்ணும் மக்களிடம் முன்சிறுகுடல் புண் கூடுதல் என்பதை மைசூரில் பணிபுரிந்த அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி எடுத்துக் காட்டியிருந்தார். அப்பாவுக்கு வந்ததும் அதே புண்.

அந்தக் கிருமியின் வழித்தடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். மனிதன் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோதே அது வயிற்றில் இருந்தது. இனங்கள் பிரிந்தபோது அதுவும் பிரிந்தது. தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கினார். கையில் ஒரு தகரப் பெட்டி. வயிற்றில், எவரும் பதிவு செய்யாத, ஆயிரக்கணக்கான வருஷத்துத் தென்னிந்தியப் பரம்பரை ஒன்று. அவர் வெட்ட வந்த பால் மரமே பிரேசில் விதை. 1877இல் பேராக்கின் கோலகங்சாரில் ஊன்றிய கன்றுகளிலிருந்து தொடங்கியது. மரமும் ஆளும் கிருமியும் கடல் தாண்டி வந்து இந்த மண்ணில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன.

2009இல் வந்த ஓர் ஆய்வு அதைவிட ஆச்சரியம். மலேசிய நோயாளிகளின் கிருமிகளில் ஏழு மரபணுக்களை ஒப்பிட்டார்கள். சீனர்களுடையது கிழக்காசியக் கிளை. மலாய்க்காரர்களுடையது இந்தியக் கிளை. அண்மைக் காலத்தில் நம்மிடமிருந்து போய்ச் சேர்ந்தது. அரசாங்கப் பாரத்தில் இனத்துக்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கட்டங்களைத் தாண்டி ஒரே பானையில் சோறு உண்ட வீடுகள் இருந்தன என்பதற்கு வயிற்றுக்குள் ஒரு சாட்சி கிடக்கிறது.

கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்தான் தொற்றுகிறது. எங்கள் ஆயாக் கொட்டகையை நினைத்துக்கொள்கிறேன். வரிசையாகத் தொங்கும் தூளிகள், ஒரே வாளி, ஒரே குவளை. பல் முளைக்காத பிள்ளைக்கு ரொட்டியைத் தன் வாயில் ஊறவைத்துக் கொடுக்கும் ஆயா. பிறகு வீட்டில் அம்மா. பால் வாடை போகாத கையால் சோற்றைப் பிசைந்து, சூடு தெரிய நாக்கில் வைத்துப் பார்த்து, எங்கள் வாயில் உருட்டிப் போடுவாள். எனக்கு இது வந்தது அந்தக் கையால்தான் என்று நினைக்கிறேன். அவளுக்கு அவள் அம்மாவின் கையால். அப்பாவுக்கு, பழி சொன்ன அப்பாயியின் கையால்.

இந்த இடத்தில்தான் என் நெஞ்சு இளகுகிறது. காரணம் கண்ணுக்குத் தெரியாதபோது கண்ணெதிரே நிற்பவள் குற்றவாளி ஆகிவிடுகிறாள். அம்மா செய்யாத குற்றத்துக்காக 19 வருஷம் நாக்கைத் தண்டித்தாள். நிஜமாகவே கொடுத்திருக்கக்கூடியதை அவள் கொடுத்தது ஊட்டும்போது. அதற்குக் குற்றம் என்று பெயர் வைக்க மரபணுவைப் படித்த எவருக்கும் வாய் வராது. அப்பாயியும் பாவம், பிள்ளை சாகக் கிடந்தபோது கைக்கு எட்டியது மருமகள்.

பதினான்கு நாள் மாத்திரை. வாயெல்லாம் துருப்பிடித்த கசப்பு. பிறகு ஒரு பையில் மூச்சை ஊதச் சொன்னார்கள். சுத்தம் என்று வந்தது. மகளையும் கூட்டிப்போய்ச் சோதித்தேன்.

இப்போது புந்தோங்கில் இருக்கிறோம். சாயங்காலமானால் கச்சாங் பூத்தே வறுக்கும் நெடியில் தெருவே தும்மும். போன மாதம் அம்மாவுக்குத் திதி. எப்போதும் வைக்கிற பருப்பு, கத்திரிக்காய், வடை. அம்மியை மூலையிலிருந்து இழுத்து, கழுவி, பத்துக் காய்ந்த மிளகாயை வறுத்து, புளியும் பூண்டும் வைத்து அரைத்தேன். கை எரிந்தது. இலையின் ஓரத்தில் அந்தத் துவையலை வைத்தபோது மகள் கேட்டாள்: “பாட்டிக்குக் காரம் ஆகாதுன்னு சொன்னீங்களே?”

“ரொம்பப் பிடிக்கும்மா,” என்றேன். இன்னும் கொஞ்சம் வைத்தேன்.